துணியில் படிந்த வெண்தடமும் நான் கற்ற பாடமும்

 

துணி துவைப்பதைப் பற்றி எழுத ஒரு மதரஸா ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் வியந்திருக்கக் கூடும். அந்த வியப்பு நியாயமானதே. நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். வேதியியல் எனக்குத் தெரியாது. எங்கள் இல்லத்துச் சலவையும் பெரும்பாலும் என் துணைவியாரின் பொறுப்பிலேயே இருந்து வந்தது. ஆயினும், துணியில் படிந்த ஒரு வெண்தடத்தின் காரணமாக ஓர் ஏழைச் சிறுவனுக்கு நான் அநீதி இழைத்துவிட்டேன். அந்தத் தடம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில், நாள்தோறும் புழங்கும் தண்ணீரைப் பற்றி நான் ஏதும் அறியாதிருந்தது புலப்பட்டது. நீங்களும் உங்கள் இல்லத்தில் ஒரு பிள்ளையையோ, மனைவியையோ, துணி வெளுப்பவரையோ இதே காரணத்துக்காகக் கடிந்துகொண்டிருக்கலாம் அல்லவா? அதற்காகவே இதனை எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் எங்கள் மதரஸா இருக்கிறது. மேற்கே மலைத்தொடர், கீழே நெல் வயல்களும், வாழைத் தோட்டங்களும், திராட்சைப் பந்தல்களும். விடுதியில் தங்கி ஓதும் மாணவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். வெள்ளை ஜுப்பாவும் கருநீலக் கைலியும் அவர்களுடைய உடை. ஒவ்வொரு வியாழன் மாலையும் அவரவர் துணியை அவரவரே துவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும் என்பது விடுதியின் ஒழுங்கு. வெள்ளிக்கிழமை காலையில் உடைகளைப் பார்வையிடும் பணி என்னுடையது.

2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதும் உங்கள் நினைவில் இருக்கும். அந்தக் கோடையில் எங்கள் விடுதிக்கு வரும் ஆற்று நீர் குறைந்து போயிற்று. குடிப்பதற்கே அளந்து கொடுக்கும் நிலை. நல்லுள்ளம் கொண்ட ஒருவரின் உதவியால் மதரஸா வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. தண்ணீர் பீறிட்டு வந்தபோது மாணவர்கள் மகிழ்ச்சியால் ஆரவாரம் செய்தார்கள். ரமலான் விடுமுறை முடிந்து, ஷவ்வால் மாதத்தில் மதரஸா மீண்டும் திறந்தபோது, குளிக்கவும் துவைக்கவும் அந்தக் கிணற்று நீரே பயன்பாட்டுக்கு வந்தது.

சில வாரங்களில் கைலிகள் நிறம் மாறத் தொடங்கின. கருநீலத் துணியின் மீது சுண்ணாம்பைத் தூவிவிட்டது போன்ற வெண்கோடுகள் தோன்றின. மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் மாவு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை ஜுப்பாக்களோ பழுப்பேறி, அட்டையைப் போல் விறைத்து நின்றன. மாணவர்கள் ஒழுங்காக அலசாமல் துணியை உலர்த்துகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை, எதையும் ஆராயவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை வரிசையிலிருந்து முன்னால் அழைத்தேன். தந்தையை இழந்தவன். அதிகம் பேசாதவன். அவனது கைலியில்தான் வெண்தடம் மிகுதியாக இருந்தது. அதனை எல்லோரும் காணுமாறு விரித்துக் காட்டச் செய்து, “சோம்பேறித்தனத்தின் அடையாளம் இதுதான்! தன் துணியைத் தூய்மையாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் ஓதிப் பயன் என்ன?” என்று கேட்டேன். சில மாணவர்கள் சிரித்தார்கள். அவன் தலை குனிந்தபடி, “அலசுனேன் ஹஜ்ரத்” என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல் என் செவியில் விழுந்தது, உள்ளத்தில் விழவில்லை.

அடுத்த வாரமும் தடம் இருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூடியிருந்தது. வேண்டுமென்றே அவன் என் சொல்லை மீறுகிறான் என்று எண்ணினேன்.

ஒரு தாயின் விளக்கம்

மாதம் ஒரு முறை தம் மகனைக் காண அவனது தாயார் வருவார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து பிள்ளையை வளர்ப்பவர். அந்த முறை வந்தவர் மகனிடம் பேசிவிட்டு, தயங்கியபடி என் அறையின் வாயிலுக்கு வந்து நின்றார். மகனுடைய கைலி ஒன்று அவர் கையில் இருந்தது.

“ஹஜ்ரத், கோவிச்சுக்கிடாதீங்க. பிள்ளை அலசாம இல்லை. நீங்க ஏசினதுல இருந்து ரெட்டைப் பங்கு பவுடர் போட்டுத் துவைச்சிருக்கான். நான் பலகாரம் வாங்கித் திங்கக் குடுத்த காசுல பவுடர் வாங்கியிருக்கான். இப்ப கழுத்தும் அக்குளும் வெந்து கிடக்கு” என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார்:

“இது தண்ணியோட குத்தம். திராட்சைக்கு மருந்தடிச்சுட்டு வர்ற எங்க அண்ணன் சட்டையில சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க, காட்டுறேன்.”

சமையற்கட்டிலிருந்து எலுமிச்சை வந்தது. கைலியை நனைத்து, ஒரு தடத்தின் மீது சாற்றைப் பிழிந்து, சிறிது நேரம் விட்டு விரலால் தேய்த்தார். பிறகு குடிநீரில் அந்த இடத்தை மட்டும் அலசினார். கருநீலம் தன் நிறத்தோடு வெளிப்பட்டது. பட்டம் பெற்ற எனக்குப் புரியாத ஒன்றைப் பந்தலின் கீழ் வேலை செய்யும் அந்தச் சகோதரி நொடியில் அறிந்திருந்தார்.

திராட்சையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளிப்பார்கள். போர்டோ கலவை என்று அதற்குப் பெயர். பிரான்சு நாட்டின் போர்டோ திராட்சைப் பகுதியில் 1880களில் உருவான மருந்து அது. அந்தச் சுண்ணாம்புக் கறையைப் புளிப்பான பொருள் கரைக்கும் என்பது தோட்டத்தில் உழைப்பவர்களின் அனுபவ அறிவு. (மருந்து தெளித்தவரின் உடைகளை வீட்டாரின் உடைகளோடு சேர்த்து ஒருபோதும் துவைக்கலாகாது. தனி வாளியில், கையுறை அணிந்து துவைப்பதே பாதுகாப்பு.)

என் தாயார் துவைத்த ஆறு

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் இளமைப் பருவம் கண்முன் வந்தது. 1980களில் எங்கள் ஊரில் துணிமூட்டையைத் தலையில் சுமந்து பெண்கள் ஆற்றுக்குச் செல்வார்கள். என் தாயாரும் செல்வார். ஒரு பார் சோப்பின் துண்டும் துவைக்கும் கல்லும்தான் கருவிகள். சிறிது தேய்த்தாலே நுரை பொங்கும். இரண்டு முறை முக்கி எடுத்தால் போய்விடும். என் அத்தாவின் வெள்ளை வேட்டி ஜும்ஆவுக்குச் செல்லும்போது பால் போல இருக்கும். என் தாயாரின் கைத்திறமையே அதற்குக் காரணம் என்று இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். கைத்திறமையும் உண்டு, ஆனால் பாதிப் பங்கு தண்ணீருக்கு உரியது.

நம் பள்ளத்தாக்கின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பும் பெரும்பணி கர்னல் ஜான் பென்னிகுயிக் அவர்களின் பொறுப்பில் 1887இல் தொடங்கி 1895இல் நிறைவேறியது. நம் வயல்களைச் செழிக்க வைத்த அந்த நீர், மலைக்காடுகளில் பெய்த மழைநீர். கெட்டியான பாறைகளின் மேல் விரைந்தோடி வருவதால் மண்ணின் உப்புகள் அதில் அதிகம் கரைவதில்லை. அத்தகைய நீரை மென்னீர் என்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் ‘நல்ல தண்ணீர்’ என்கிறார்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரின் கதை வேறு. அது மண்ணின் வழியே மெல்லக் கசிந்திறங்கி, நிலத்தடிப் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கியிருந்த நீர். வழியெங்கும் கால்சியம், மெக்னீசியம் என்னும் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பார்வைக்குப் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத கல் அதற்குள் கரைந்திருக்கிறது. பள்ளிவாசலில் உளூச் செய்யும் குழாய்களின் வாயில் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஓடு போலப் படிவதும் அந்தக் கல்லே.

ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடம் தூய்மை. எத்தனை வகை நீர் உண்டு, எதனால் தூய்மை செய்யலாம், எதனால் ஆகாது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறேன். ஆனால், எங்கள் குழாயில் வந்த நீர் எத்தகையது என்பதை நான் பார்க்கவில்லை! இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது என் கடமை. துணியில் தங்கிய சலவைத்தூளோ சுண்ணாம்புப் படிவோ நஜீஸ் அன்று. அத்தகைய உடையோடு தொழுதால் தொழுகை கூடுமா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. உடையின் அழகும், உடலின் நலமும், வீண் செலவுமே இங்கே கவனிக்க வேண்டியவை.

தடம் எப்படி உண்டாகிறது?

அப்போது மேல்நிலை வகுப்பில் பயின்றுகொண்டிருந்த என் அக்காள் மகளிடம் கேட்டேன். பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாள். அவள் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. மென்னீரில் அது கரைந்து நுரைக்கும். கடின நீரிலோ, கரைந்துள்ள கால்சியம் சோப்பைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையாத பிசுபிசுப்பான கசடாக மாற்றிவிடுகிறது. அந்தக் கசடு அழுக்கையும் சேர்த்துக்கொண்டு துணியில் ஒட்டுகிறது. வெள்ளைத் துணி பழுப்பேறுவதற்கும் விறைப்பதற்கும் அது முக்கியமான காரணம்.

சலவைத்தூள் அப்படிப்பட்டதன்று. இந்தியாவில் 1959இல் சர்ஃப் தூளும், 1969இல் குறைந்த விலையில் நிர்மாவும் வந்த பின் நம் இல்லங்களில் பார் சோப்பின் இடத்தைத் தூள் பிடித்துக்கொண்டது. தூளில் உள்ள சலவைப்பொருள் கடின நீரில் சோப்பைப் போலக் கசடாவதில்லை. ஆனால், பெரும்பாலான தூள்களில் சலவைச் சோடா கலந்திருக்கிறது. அது நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புத் தூளாகப் பிரிந்து படிகிறது. நீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு வெண்படிவு! போதாததற்கு, தூளை அள்ளிக் கொட்டினால் அதில் ஒரு பகுதி கரையாமலே மடிப்புகளில் தங்கிவிடும். மார்கழிக் குளிரில் நீர் சில்லென்றிருக்கும்போது கரைவது இன்னும் குறையும்.

இப்போது அந்தச் சிறுவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். என் ஏச்சுக்குப் பயந்து இரட்டைப் பங்கு தூளைப் போட்டான். தூள் கூடக் கூடத் துணியில் தங்குவதும் கூடியது, தடமும் கூடியது, நான் மீண்டும் ஏசினேன். துணியில் தங்கிய தூள் வியர்வையில் கரைந்து அவன் தோலை உறுத்தியது. என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்ததற்காகவே அவன் தண்டனை பெற்றிருக்கிறான்!

எந்தத் தடம் எது?

எல்லா வெண்தடமும் ஒன்றல்ல. மருந்து கொடுக்கும் முன் நோயை அறிய வேண்டும். கீழ்க்காணும் சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம்.

தடமுள்ள இடத்தை நல்ல தண்ணீரில் நனைத்து விரல்களால் தேயுங்கள். வழுவழுப்பாக இருந்து நுரை வந்தால், அது அலசலில் போகாத சலவைத்தூள். மறுபடி நன்கு அலசினாலே போதும்.

நுரை வராமல், சொரசொரப்பாக இருந்து, வினிகரோ எலுமிச்சைச் சாறோ பட்டதும் கரைந்தால், அது சுண்ணாம்புப் படிவு.

மெழுகு பூசியது போலப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால், அது சோப்புக் கசடு.

கஞ்சி போட்ட துணியில் மட்டும் திட்டுத்திட்டாக வந்தால், கஞ்சி சரியாகக் கரையவில்லை என்று பொருள். வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். நீலத் திட்டுகள் விழுந்தால், சொட்டு நீலம் நீரில் நன்கு கலக்கும் முன்பே துணியை முக்கியிருக்கிறோம்.

உங்கள் வீட்டு நீர் கடினமானதா என்று அறியவும் எளிய வழி உண்டு. மூடியுள்ள தெளிவான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, குளியல் சோப்பின் சில சீவல்களைப் போட்டு நன்கு குலுக்குங்கள். மேலே நுரை நிறைந்து, கீழே நீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை குறைந்து, நீர் பால் போலக் கலங்கினால் கடின நீர். துல்லியமாக அறிய விரும்பினால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. எங்கள் கிணற்று நீர் அந்த 600ஐயும் தாண்டியிருந்தது.

மூன்று முறை அலசுவதன் கணக்கு

துணியை மூன்று முறை அலச வேண்டும் என்று நம் மூத்தோர் சொல்வார்கள். அதில் எத்தகைய கணக்கு அடங்கியிருக்கிறது தெரியுமா?

பிழிந்த துணிகளில் ஒரு லிட்டர் சோப்பு நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அவற்றை 9 லிட்டர் நீரில் அலசினால், தங்கியிருந்த சோப்பு 10 லிட்டரில் பரவும். மீண்டும் பிழிந்தால் பத்தில் ஒரு பங்கு சோப்பே துணியில் எஞ்சும். இவ்வாறு புதுநீரில் மூன்று முறை செய்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். செலவான நீர் 27 லிட்டர். அதே 27 லிட்டரையும் ஒரே தொட்டியில் நிரப்பி ஒரே முறை அலசினால் எஞ்சுவது எவ்வளவு? இருபத்தெட்டில் ஒரு பங்கு! நீரின் அளவு ஒன்றே. பலனிலோ பெரும் வேறுபாடு. ஒவ்வொரு அலசலுக்கும் இடையே துணியை நன்றாகப் பிழிவதும், ஒவ்வொரு முறையும் நீரை மாற்றுவதும்தான் இதன் உயிர்நாடி. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். இந்தக் கணக்கு நமக்குப் பிடிக்காமற் போகுமா?

தடம் வராமல் காக்க

அன்புச் சகோதரிகளே! எங்கள் விடுதியிலும் என் இல்லத்திலும் நாங்கள் பின்பற்றிப் பலன் கண்ட முறைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, தூளைத் துணியின் மீது தூவாதீர்கள். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் முழுமையாகக் கரைத்து, பிறகு வாளி நீரில் கலந்து, அதற்குப் பின் துணியைப் போடுங்கள். நீர்மமாக வரும் சலவைத் திரவம் கரையாமல் தங்குவதில்லை. கறுப்புப் புர்காவுக்கும் அடர்நிற உடைகளுக்கும் அதுவே ஏற்றது.

இரண்டாவது, அளந்து போடுங்கள். உறையில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறான எண்ணம்.

மூன்றாவது, உப்புத் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லையென்றால், முதல் நாள் இரவே அதனைப் பக்குவப்படுத்துங்கள். 15 லிட்டர் வாளி நீரில் சலவைச் சோடாத் தூள் இரண்டு தேக்கரண்டி (கற்களாக இருந்தால் அதைப்போல் இரு மடங்கு) கரைத்து அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பின் பெரும்பகுதி காலைக்குள் அடியில் படிந்திருக்கும். மேல்நீரை மட்டும் மெல்ல வடித்துத் துவைக்கப் பயன்படுத்துங்கள். துணியில் படிய வேண்டிய சுண்ணாம்பு வாளியிலேயே தங்கிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. கையையும் அரிக்கக் கூடும். சமையலுக்குப் பயன்படும் ஆப்பச் சோடா வேறு, இது வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள். கடின நீர் துணியிலேயே உலரும்போது, நீர் ஆவியாகும், கல் தங்கிவிடும். ஒரே ஒரு வாளி ஆற்று நீரோ மழைநீரோ இருந்தால் அதைத் தடுக்கலாம். மழைநீர் சேகரிப்பை 2003ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு கட்டாயமாக்கியது. அதில் ஒரு தொட்டி நீரைச் சலவைக்கு என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்மை!

ஐந்தாவது, சலவை இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதனைத் துணியால் திணித்து நிரப்பாதீர்கள். நீர் புழங்க இடமில்லாவிட்டால் அலசல் நடைபெறாது. தூள் போடும் பெட்டியைக் கழற்றி அவ்வப்போது கழுவுங்கள். கூடுதல் அலசலுக்கான வசதி இருந்தால் அடர்நிற உடைகளுக்குப் பயன்படுத்துங்கள்.

ஆறாவது, ஆறும் வாய்க்காலும் நமக்கு மட்டும் உரியவை அல்ல. கீழ்த்திசை ஊர்களில் அந்த நீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே நீரை வாளியில் முகந்து, கரையிலிருந்து விலகித் துவைப்பதே முறை.

வந்த தடத்தைப் போக்க

ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஒரு குவளை வெள்ளை வினிகரைக் கலந்து, தடம் படிந்த துணியை அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, புதுநீரில் இருமுறை அலசுங்கள். வினிகருக்குப் பதிலாகக் கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு தேக்கரண்டி போதும். சாயம் போகுமா என்று முதலில் துணியின் உட்புற ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். பழைய சோப்புக் கசடு ஒரே நாளில் போகாது; இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: வினிகரையோ எலுமிச்சையையோ பிளீச்சிங் பவுடருடனோ வெளுப்புத் திரவத்துடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சைத் தாக்கும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் செலுத்திய கடன்

அந்தத் தாயார் வந்து சென்ற பின் வந்த வெள்ளிக்கிழமை காலை. மாணவர்கள் வழக்கம் போல வரிசையில் நின்றார்கள். அந்தச் சிறுவனை மீண்டும் முன்னால் அழைத்தேன். அவன் கால்கள் தயங்கியதைக் கண்டேன். எல்லோர் முன்னிலையிலும், “நீ அலசினேன் என்று சொன்னாய். அது உண்மை. நான் அதனை நம்பவில்லை. தவறு தண்ணீரில் இருந்தது. அதைவிடப் பெரிய தவறு என்னிடம் இருந்தது. என்னை மன்னித்துவிடு” என்றேன். எல்லோர் முன்னிலையிலும் இழைத்த அநீதிக்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது ஈடாகாது என்று எனக்குத் தோன்றியது.

அவன் என்ன சொல்வதென்று அறியாமல் என் முகத்தையே பார்த்தான். பிறகு, “ஹஜ்ரத், அப்ப இனிமே பவுடர் கம்மியாப் போட்டாப் போதுமா?” என்று கேட்டான். முன்பு சிரித்த மாணவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான். என்னால் சிரிக்க இயலவில்லை.

அவன் கழுத்துப் புண்ணை மருத்துவரிடம் காட்டினோம். தூளைக் குறைத்து, நன்கு அலசிய உடையை உடுத்தியதும் சில வாரங்களில் ஆறியது. மதரஸா கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சேர்க்க நிர்வாகத்தார் ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். அதில் நீர் இருக்கும்வரை கடைசி அலசல் அதில்தான். நீர் வற்றிய மாதங்களில் ஆளுக்கு அரை வாளி ஆற்று நீர் என்று அளந்து கொடுக்கிறோம்.

அச்சிறுவன் இன்று வளர்ந்த இளைஞன். ஓதி முடித்து வேறோர் ஊரில் பணியாற்றுகிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைச் சந்திக்கத் தவறுவதில்லை. நடந்ததை அவன் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை காலையில் உடைகளைப் பார்வையிடுகிறேன். ஒரு தடத்தைக் கண்டால், அது எப்படி வந்தது என்று அந்த மாணவனிடமே முதலில் கேட்கிறேன். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

உங்கள் இல்லத்தில் அடுத்த முறை துணி வெளுத்து வரும்போது வெண்தடம் தென்பட்டால், யாரையும் கடிந்துகொள்ளும் முன் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பாருங்கள். வல்ல இறைவன் நம் உடைகளையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.